பதினோராவது சேவ்

அந்தப் பனியன் கட்டைக் கீழ எறக்கி வெச்சுட்டு ஸ்டூல்ல உக்காருங்க. கரண்டு போயிருக்குது, ரெண்டு மணிக்குத்தான் வரும். தையல் மிசினு பூட்டுன பவர் டேபிளு ஓடிட்டிருந்தா நான் சொல்றது உங்க காதுல ஒண்ணும் ஏறாதுங்க. நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க.

வெள்ளி விழா மலருங்களா? இருவத்தஞ்சு வருசம் ஒரு கப்பை விடாம நடத்தறது லேசுப்பட்ட காரியமில்லீங்க. எம் பேரைப் போடணும்னு நீங்களாத் தேடி வந்தீங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப சந்தோசம். மொதல்ல இதை எழுதிக்குங்க. நாச்சிமுத்து, கேப்டன், இளம்புயல் கிரிக்கெட் கிளப். ரெண்டாயிரத்தி ஒண்ணாம் வருசம். ஒரே சீசன்ல பதினொரு சேவ். சேவூர் டீம் ஆறுச்சாமி பத்து. பத்தேதானுங்க. தானும் பதினொண்ணுன்னு அவன் டீக்கடையில உக்காந்து சொல்லிக்கிறானாம். ஊரு வாய மூட உலைமூடி ஏது? நீங்க அதையெல்லாம் போட்டுராதீங்க.

என்னுங்க? சாந்தாமணி ஊட்டுக்குப் போயிட்டுத்தான் வர்றீங்களா?

அது... சரி. போகணும்ல. சென்னியப்பனும் எங்க டீம் பவுலர்தானே. அவம் பொண்டாட்டி ஊட்டுல படம் ஏதாச்சும் இருக்கும். என்ன சொல்லுச்சு சாந்தாமணி? 'எங்கூட்டுக்காரரைப் பத்தி ஒரு வரி போடுங்க, என்ன போடறதுன்னு கேப்டன் அண்ணனைக் கேளுங்க'ன்னுச்சா? சரி சரி. ஒரு வரிதானே. கடைசியில சொல்றேன். மொதல்ல சேவ்னா என்னன்னு நாலு பேருக்கு வெளங்கற மாதிரி எழுதணும், இல்லீனா இப்பத்த பசங்களுக்குத் தலையும் புரியாது காலும் புரியாது.

நம்ம கப்பு நடத்துன முதலாளிக்கு ஒரு பையன், கிரிதரன்னு. சின்ன முதலாளிம்போம். அமெரிக்காவுல ரெண்டு வருசம் படிச்சுட்டு வந்தாரு. அங்க பேஸ்பால்னு ஒரு ஆட்டமாம். அதுல ஒருத்தன் ஆரம்பத்துல இருந்து எறிஞ்சு எறிஞ்சு கை ஓஞ்சு போவானாம். கடைசியில இன்னொருத்தன் வந்து, ஜெயிச்சிட்டிருக்கற ஆட்டத்தை நழுவ உடாமக் காப்பாத்திக் குடுப்பானாம். அப்படிக் காப்பாத்துனா அவம் பேருல ஒரு சேவ். வருசம் முடிஞ்சா ஆரு அதிகம்னு பட்டியலே போடுவாங்களாம். நாமளும் வெப்போம்னாரு சின்ன முதலாளி. நம்ம மேட்ச் பதினஞ்சு ஓவரு. கடைசி ஓவர்ல எதிர் டீமுக்குப் பன்னெண்டு ரன்னோ அதுக்குக் கொறைவோ வேணும்னு இருக்கோணும். அதை அடிக்க உடாமத் தடுத்தா ஒரு சேவ். பதிமூணு வேணும்னு இருந்தாச் செல்லாது. அதுல என்ன பெரிய காப்பாத்தறது, எவனும் போட்டு ஜெயிப்பான்ட்டாரு. நாயமான ரூலுதானுங்க. நான் குத்தஞ் சொல்ல மாட்டேன்.

பரிசு என்னன்னு நெனைக்கறீங்க? டிவிஎஸ் பிப்டி. புது வண்டி. அதோ, வாசல்ல சாக்குத் தாட்டு மூடி நிக்குது பாருங்க, அதுதான். இன்னிக்கும் நாலு மிதி மிதிச்சா ஸ்டார்ட் ஆயிரும்.

கிரவுண்டு வாசல்ல கரும்பலகை ஒண்ணு வெச்சாங்க. ஞாயித்துக்கெழமை ஆட்டம் முடிஞ்சதும் சாக்பீஸ்ல எழுதுவாங்க, ஆருக்கு எத்தனை சேவ்னு. திங்கக்கெழமை வேலைக்குப் போற சனம் பூராச் சைக்கிளை நிறுத்திப் பாத்துட்டுப் போகும். அந்தப் போர்டுல மொத மூணு வாரம் எம் பேரே இல்லீங்க. ஆறுச்சாமி மூணு. நான் சைபர். எங்க டீமு மூணு மேட்ச்சும் ஜெயிச்சிருக்குது, மூணுலயும் கடைசி ஓவரு போட்டது நானு. ஆனா சைபர். ஏன்னு கேளுங்க.

சென்னியப்பனாலதான்.

பதினாலாவது ஓவரு அவன் போடுவான். அவன் பந்து எப்படின்னா, பேட்ஸ்மேனோட கால்வெரல் நுனியில வந்து உழுகும். யார்க்கரும்பாங்க. அடிக்கவும் முடியாது உடவும் முடியாது. பூட்டுக்குள்ள சாவி போறாப்புல போகும். ஒரு ஓவருக்கு மூணு ரன்னு, மிஞ்சுனா நாலு. அவன் போட்டு முடிச்சு எங்கிட்டப் பந்து வர்றப்ப எதிராளிக்கு இருவது வேணும், இருவத்தி ரெண்டு வேணும். அப்பறம் நான் எங்க போயிக் காப்பாத்தறது? நல்லாப் போடறவன் பக்கத்துல நிக்கறது ரொம்பச் சிரமமுங்க. அது நின்னவனுக்குத்தான் தெரியும்.

தப்பா எடுத்துக்காதீங்க. சென்னி மேல எனக்குப் பொறாமையெல்லாம் கெடையாது. அவனை டீமுக்குக் கூட்டியாந்ததே நான்தான். சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டிட்டிருந்தவன். எங்க கம்பெனியில டெய்லருக்குத் துணி மடிச்சுக் குடுக்கற கைமடிக்கற வேலைக்கு நான்தான் சொல்லிச் சேத்துவுட்டேன். 'அண்ணா அண்ணா'ன்னு பின்னாலயே சுத்துவான். நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான். பச்சத்தண்ணியைக் குடுத்துச் சாராயம்னு நான் சொன்னாலும் தள்ளாடுவான், அப்படி ஒரு நம்பிக்கை எம்மேல.

நாலாவது மேட்ச்சு. அன்னிக்குத்தான் எனக்கு ஒரு டெக்னிக்கு தோணுச்சுங்க. பதினாலாவது ஓவர்ல நான் தொப்பியைத் தொட்டா ஷார்ட் பால் போடோணும்னு அவங்கிட்டச் சொல்லி வெச்சேன். பாதிப் பிட்ச்சுலயே குத்தற பந்து. 'அண்ணா, அது நின்னு எந்திரிச்சு வருமே, அடிச்சுப்போடுவாங்களே'ன்னான். 'இவனுக்கு ஷார்ட் பால் ஆகாதுடா, நான் பாத்து வெச்சிருக்கேன்'னேன். அவன் நம்பிட்டான். கேப்டன் சொன்னா நம்போணும்ல?

தொப்பியைத் தொட்டேன். போட்டான். நாலு. மறுக்காத் தொட்டேன். போட்டான். ஆறு. எங்கைக்குப் பந்து வர்றப்பப் பத்து ரன் வேணும். நான் அஞ்சு குடுத்து முடிச்சேன். போர்டுல நாச்சிமுத்து ஒண்ணு.

இதுல என்னங்க தப்பு? டீமு தோத்துச்சா? இல்லை. அந்த நாலாவது மேட்ச்சுல இருந்து பைனல் வரைக்கும் பதினொரு ஆட்டம், பதினொண்ணும் ஜெயிச்சோம். பதினொண்ணுலயும் கடைசி ஓவர்ல நான் தடுத்தேன். தடுக்கறதுன்னா சும்மா இல்லீங்க. கையெல்லாம் வேர்த்து ஊத்தும், பந்து வழுக்கும். கிரவுண்டைச் சுத்தி ரெண்டாயிரம் பேரு. அத்தனை பேரும் எம் பேரைச் சொல்லிக் கத்துவாங்க. அந்தச் சத்தம் இருக்குதுங்களே... அதை உங்க மலர்ல எழுத முடியாதுங்க.

சனம் சும்மா இருக்குமா? சென்னிக்கு 'வள்ளல்'னு பேரு வெச்சுட்டாங்க. வாரி வாரிக் குடுக்கறான்ல. அவன் பந்தை எடுத்துட்டு ஓட ஆரம்பிச்சா 'வள்ளல் வர்றாரு, வாங்கிக்குங்க'ன்னு கொட்டாயில இருந்து ஒரு கூட்டம் கத்தும். அவனுஞ் சிரிச்சுக்குவான். ஒருநா மட்டும் சைக்கிள் ஸ்டேண்டுகிட்ட எங்கையைப் புடிச்சுட்டுக் கேட்டான். 'அண்ணா, மொத ரெண்டு ஓவரு நல்லாத்தான் போடறேன். என்ற கடைசி ஓவர்ல மட்டும் எங்கிட்ட என்னமோ ஆகுதுங்ணா. நீங்க சரியாத்தான் சொல்றீங்க, எங்கையிலதான் வர மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குதோ என்னமோ'ன்னான்.

நான் என்ன சொல்லட்டும்? 'போகப் போகச் சரியாயிரும்டா'ன்னேன். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க எனக்கு. மனுசன்தானே நானும். ஆனா ஆறுச்சாமி அப்ப எட்டு, நான் ஏழு.

கோயமுத்தூர்ல ஒரு மில்லு. பேரு வேண்டாம், மூடியாச்சு அதை. அந்தக் காலத்துல அவங்க டீமுக்கு ஆளெடுத்தா மில்லுலயே பெர்மனென்ட் வேலை. குவார்ட்டர்ஸு, பி.எப்பு, பையன் படிப்பு, எல்லாம். அவங்க டீமைப் பாத்துக்கறவரு வின்சென்ட்டுன்னு ஒருத்தரு. எங்க பைனல்ல சென்னியைப் பாக்கறதுக்குன்னே வர்றதாத் தகவல் வந்துச்சு. சென்னிக்கு அப்பத்தான் சாந்தாமணியைப் பேசி முடிச்சிருந்தாங்க. 'வேலை கெடைச்சா வைகாசியில கல்யாணம், இல்லீனாத் தள்ளிப்போடுவோம்'னு பொண்ணூட்டுக்காரங்க சொல்லியிருந்தாங்க. அவன் புதுசா ஒரு வெள்ளைப் பேன்ட் தெச்சுட்டு வந்திருந்தான் அன்னிக்கு.

ஆறுச்சாமி டீமு செமி பைனல்ல வெளிய போயிருச்சு. அவன் பத்துல நின்னுட்டான். நானும் பத்து. பைனல் ஒண்ணுதான் பாக்கி. சமமா வந்தா வண்டி ஆளுக்குப் பாதின்னு சின்ன முதலாளி சிரிச்சாரு. வண்டியை எப்படிங்க பாதியாக்கறது? சீட்டு அவனுக்கு, சக்கரம் எனக்கா?

பைனல்ல கடைசி ரெண்டு ஓவருக்கு இருவத்தி நாலு வேணும் அவங்களுக்கு. சென்னி வந்தான். மொதப் பந்து கால்வெரல்ல. பேட்ஸ்மேன் தடுக்கி உழுந்தான். ரெண்டாவதும் அதேதான், ஒரே ஒரு ரன்னு. சாமியானாவுல வின்சென்ட் சாரு நிமுந்து உக்காந்ததை நான் பாத்தேன். இன்னும் நாலு பந்து இப்படியே போட்டான்னா எனக்கு இருவதுக்குப் பந்து வரும். நான் தொப்பியைத் தொட்டேன்.

அவன் பாத்தான். பாத்துட்டு, மாட்டேன்னு தலையாட்டுனான். அந்த வருசத்துல அதான் மொதத் தடவை. அப்பறம் எங்கிட்ட நடந்தே வந்தான். 'அண்ணா, இன்னிக்கு மட்டும் நான் யார்க்கரே போட்டுக்கறேனுங்ணா. வின்சென்ட் சாரு பாத்துட்டிருக்காரு. இன்னிக்கு ஒருநா மட்டும்'னான்.

'டேய், இங்க கேப்டன் ஆருடா?'ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லலை. அவன் தலையைக் குனிஞ்சுட்டுத் திரும்பிப் போனான். ஷார்ட் பால், நாலு. தொட்டேன். ஷார்ட் பால், ஆறு. வள்ளலே வள்ளலேன்னு கொட்டாயே அலறுது. அடுத்ததுக்கும் தொட்டேன், பேட்ஸ்மேன் அடிக்கத் தவறிட்டான், ரன்னில்லை. கடைசிப் பந்துக்கும் தொட்டேன், ரெண்டு. பதிமூணு குடுத்திருந்தான். பாக்கி பதினொண்ணு. நான் அப்பறம் தொப்பியைத் தொடலீங்க. தேவைப்படலை.

கடைசி ஓவரு நான் போட்டேன். ஒம்பது ரன்னு குடுத்தேன். ஒரு ரன்னுல ஜெயிச்சோம். என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. மொதல்ல தூக்குனது ஆருன்னு கேளுங்க. சென்னி. 'அண்ணா, நீங்க இல்லீனா இன்னிக்கு என்னால டீமே தோத்திருக்குமுங்ணா'ன்னு அழுதான். வேர்வையும் கண்ணீருமா என்ற சட்டையெல்லாம் நனைச்சுப்போட்டான்.

வின்சென்ட் சாரு எங்கிட்டதான் வந்தாரு. 'மொத ரெண்டு ஓவரும் தங்கமாப் போட்டான்யா உங்க பையன். கடைசியில ரெண்டு பந்து பாத்தேன், அசந்துட்டேன். அப்பறம் திடீர்னு நெஞ்சு தாங்கலையே. நீ கேப்டன், கூடவே இருக்கறவன். சொல்லு, பதட்டப்படற ஆளா?'ன்னு கேட்டாரு.

பக்கத்துல சின்ன முதலாளி வண்டிச் சாவியோட நிக்கறாரு. போட்டாக்காரன் நிக்கறான். நான் என்னங்க சொல்ல முடியும் அந்த எடத்துல? 'கொஞ்சம் பதட்டப்படுவானுங்க'ன்னேன். அவரு 'ம்'னுட்டுக் கார்ல ஏறிப் போயிட்டாரு. பரிசு வாங்குன போட்டா இருக்குது, எடுத்து வெச்சிருக்கேன், உங்களுக்குத் தர்றேன்.

மில்லு வேலை போச்சு. கல்யாணம் ஒரு வருசம் தள்ளிப் போச்சு, ஆனா நடந்துச்சுங்க, சாந்தாமணியேதான். நான் போயி மொய்யும் வெச்சேன். அடுத்த சீசன்ல அவன் ஆட வரலை. கேட்டதுக்கு, 'கடைசி நேரத்துல கை நடுங்கற ஆளு எதுக்குங்ணா டீமுக்கு'ன்னான். கைமடிக்கறதையும் உட்டுட்டுச் சாயப்பட்டறைக்குப் போயிட்டான். சம்பளம் கொஞ்சம் சேத்திக் கெடைக்கும் அங்க. வழியில பாத்தா வண்டியை நிறுத்தி 'அண்ணா, நல்லா இருக்கீங்களா'ம்பான். என்ற வண்டியை, அந்த வண்டியைத்தானுங்க, தடவிப் பாத்து 'இன்னும் கண்ணாட்ட வெச்சிருக்கீங்களே'ம்பான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால போயிட்டான். பட்டறையில சாயக்கழிவு தொட்டி கழுவறதுக்கு ஒருத்தன் எறங்கியிருக்கான். எறங்குனவன் உள்ள மயங்கி உழுந்துட்டான், வெச வாயு. மேல அஞ்சு பேரு நின்னிருக்காங்க. ஆரும் அசையலை. இவன் கயித்தை இடுப்புல கட்டிட்டு எறங்கிட்டான். 'எறங்காத சென்னி'ன்னு சொல்லியிருக்காங்க. 'எல்லாரும் பயந்துட்டு நின்னா எப்படி'ன்னானாம். உள்ள போயி, தன் இடுப்புல இருந்த கயித்தை அவுத்து அந்த ஆளு இடுப்புல கட்டி மேல ஏத்தி உட்டுட்டான். அந்த ஆளு பொழைச்சுக்கிட்டான். மறுக்காக் கயிறு உள்ள எறங்கறப்ப அதைப் புடிக்கறதுக்கு ஆளில்லை.

எனக்குப் புரியறதே இல்லீங்க அது. நாலு பந்து ஒழுங்காப் போடறதுக்கு நெஞ்சுல தெம்பில்லாத ஆளு. அவன் எப்படிங்க எறங்குவான்? அவனுக்கு ஆருகிட்ட என்னத்தைக் காட்டோணும்னு இருந்துச்சு? நீங்க படிச்சவங்க, உங்களுக்காச்சும் தெரியுதா?

தண்ணி வேணுங்களா? குடிங்க. நானும் ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

எழவுக்குப் போனேன். அந்த வண்டியிலதான் போனேன். பழைய டீம் பசங்க அத்தனை பேரும் வந்திருந்தாங்க. ஆறுச்சாமியுங்கூடச் சேவூர்ல இருந்து வந்து மாலை போட்டுட்டு, கையைக் கட்டிட்டு எம் பக்கத்துல நிக்கறான். சாந்தாமணி அழுகையை நிறுத்திட்டு நேரா எங்கிட்ட வந்துச்சு. 'அண்ணா, ஊரே இவரு தைரியமா எறங்குனாரு, தைரியமா எறங்குனாருங்குது. இருவது வருசமா எங்கிட்ட இவரு, நான் பயந்தாங்கொள்ளி, கடைசி நேரத்துக்கு ஆகாத ஆளுன்னுதான் சொல்லிட்டிருந்தாரு. ராத்திரியில தூங்காம உக்காந்துக்குவாரு. நீங்க கூடவே நின்னு பாத்தவரு. எதுங்ணா நெசம்? அவரு பயந்தவருங்களா?'

எல்லாரும் எம் மூஞ்சியவே பாக்கறாங்க. ஆறுச்சாமியும் பாக்கறான். எங்கை தன்னால தலைக்குப் போச்சுங்க. தொப்பி இல்லை, வெறுந்தலை.

'ஆட்டத்துல கொஞ்சம் பயப்படுவான்மா. அது நெசந்தான்'ன்னேன்.

அது தலையாட்டிட்டு, 'அவரும் அப்படித்தானுங்ணா சொல்லுவாரு'ன்னுட்டுப் போயி மறுக்காத் தலைமாட்டுல உக்காந்துக்கிச்சு.

நானும் ரோசனை பண்ணிப் பாத்திருக்கேன். மாத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா என்னாயிருக்கும்? போனவன் எந்திரிச்சா வரப்போறான்? ஆறுச்சாமிதான் இளிச்சிருப்பான். பதினொண்ணு எனக்கு ஆருஞ் சும்மாக் குடுக்கலீங்க. கடைசி ஓவரு போட்டது நான்தானே? அன்னிக்கு அந்த ஒம்பது ரன்னோட நிறுத்துனது எங்கைதானே?

இந்தாங்க, பேனாவை மூடிட்டீங்களே. எம் பேருக்கும் எண்ணிக்கைக்கும் அப்பறம் எதையுமே எழுதலை போல இருக்குது. நான் இவ்வளவு நேரம் சொன்னது உங்ககிட்ட, மலருக்கு இல்லை. தொப்பி விசயமெல்லாம் வேண்டாம், ஆட்டம் தெரியாத சனம் தப்பா எடுத்துக்கும். சென்னியைப் பத்திச் சாந்தாமணி கேட்ட ஒரு வரியா? ஆமா, சொல்றேன்னேன்.

எழுதுங்க. சென்னியப்பன், நல்ல பவுலர்.

அது போதுமுங்க. இல்லை, இருங்க. படிக்கறவங்க, நல்ல பவுலர்னா ஏன் அவ்வளவு ரன்னு குடுத்தான்னு கேப்பாங்க. பழைய ஸ்கோர் ஷீட்டெல்லாம் கமிட்டியில இருக்குதுல்ல. பக்கத்துலயே சேத்து எழுதிருங்க. 'கடைசி ஓவர்ல மட்டும் கொஞ்சம் பதட்டம்.' ஆமாங்க, கேப்டன் சொன்னதுன்னே போடுங்க. சாந்தாமணியும் எங்கிட்டத்தானே கேக்கச் சொல்லுச்சு.

கரண்டு வந்துருச்சு, கேக்குதுங்களா? தையல் பொம்பளைங்க உள்ள வந்துருவாங்க. இனிமேப் பேச முடியாதுங்க. என்ற சேவ் எண்ணிக்கையை மட்டும் ஒருக்காப் படிச்சுக் காட்டிட்டுப் போங்க. சத்தமாச் சொல்லுங்க, மிசின் சத்தத்துல கேக்க மாட்டேங்குது. பதினொண்ணுதானே போட்டிருக்கீங்க?